கார் ஏசி கேஜ் செட் – வேக்குவம் பம்ப் காம்போ கிட்: எதற்குத் தேறும், எங்கே கைவிடும்

ஆன்லைனிலும் டூல்ஸ் கடைகளிலும் இப்போது தாராளமாகக் கிடைக்கும் காம்போ கிட் பற்றிய விமர்சனம் இது. அலுமினிய மேனிஃபோல்டில் (வால்வுகள் உள்ள இணைப்புக் கட்டை) குறைந்த அழுத்தப் பக்கமான லோ சைடுக்கு நீலம், அதிக அழுத்தப் பக்கமான ஹை சைடுக்கு சிவப்பு என இரண்டு கேஜ், நீலம், சிவப்பு, மஞ்சள் என மூன்று ஹோஸ், காரின் சர்வீஸ் போர்ட்டில் மாட்ட இரண்டு கப்ளர், கேஸ் கேனைக் குத்தித் திறக்கும் டேப், கூடவே கால் எச்பி சிங்கிள் ஸ்டேஜ் வேக்குவம் பம்ப். பெட்டியின் மேல் பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான். ஆர்134ஏ என்ற குளிர்பதன கேஸ் ஓடும் கார்களுக்கானது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பகுதி அந்த ரகம்.

நோய் எங்கே என்று கண்டுபிடிக்க இந்த கிட் கொடுத்த காசுக்கு மேலேயே வேலை செய்யும். "கேஸ் அடித்துக்கொள்ளலாம்" என்ற ஒரே எண்ணத்தில் வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கேஜ் காட்டுவது அழுத்தத்தை. உள்ளே எத்தனை கிராம் கேஸ் இருக்கிறது என்பதை எந்தக் கேஜும் காட்டாது. இந்த வேறுபாடு மனதில் பதியாததால்தான் நல்ல கம்ப்ரசர்கள் அநியாயமாகப் போகின்றன.

கிட்டைத் திறப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டியவை சில இருக்கின்றன. காற்று குளிர்ச்சியாகத்தான் வருகிறது, ஆனால் வேகமே இல்லை என்றால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசியும் இலைச் சருகும் அடைத்த ஃபில்டரால் கூலிங் காயில் மேல் ஐஸ் கட்டி, கேஸ் குறைந்தது போலவே அறிகுறி காட்டும். கம்ப்ரசரைச் சுற்றும் புல்லியோடு இணைக்கும் கிளட்ச் ஒட்டவே இல்லையென்றால் முதலில் எடுக்க வேண்டியது மல்டிமீட்டர். கிளட்ச் காயில் ரெசிஸ்டன்ஸ் சாதாரணமாக 3 முதல் 4 ஓம் வரை இருக்கும். ஏசி போட்டதும் காயில் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வோல்ட் வந்தும் ஒட்டவில்லை என்றால் காயில் எரிந்திருக்கலாம், அல்லது கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடையே உள்ள இடைவெளி கூடியிருக்கலாம். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் பொதுவாக 0.3 முதல் 0.6 மி.மீ. இருக்க வேண்டும். தேய்ந்து 1 மி.மீ.யை நெருங்கினால் காலையில் ஒட்டும். அரை மணி நேரம் ஓடி காயில் சூடானதும் காந்த இழுப்பு குறைந்து விட்டுவிடும். "கொஞ்ச நேரம் நல்லா வருது, அப்புறம் அனல்தான்" என்று வரும் கார்களில் கணிசமானவை இந்த ரகம். ஷிம் (இடைவெளிக்காக வைக்கும் மெல்லிய வளையம்) ஒன்றை எடுத்துவிட்டால் சரியாகிற விஷயத்துக்கு கேஸ் அடித்து அனுப்புகிறார்கள்.

புதிய மாடல்கள் பலவற்றில் கிளட்சே கிடையாது. புல்லி எப்போதும் சுற்றும். உள்ளே கன்ட்ரோல் வால்வுதான் பம்பிங்கைக் கூட்டிக் குறைக்கும். "டக்" என்ற சத்தம் கேட்கவில்லை என்று அங்கே பயப்பட வேண்டாம்.

இனி கிட். காரில் மாட்டுவதற்கு முன் கருவியையே சோதிக்க வேண்டும். மலிவு கேஜ்களில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. ஹோஸ்கள் திறந்திருக்கும்போது இரண்டு முள்ளும் பூஜ்யத்தில் நிற்கின்றனவா? இல்லையென்றால் டயலில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்யலாம். அடுத்து, ஒரு நல்ல ஆர்134ஏ கேனை நிழலில் சில மணி நேரம் வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்ததும் மஞ்சள் ஹோஸில் மாட்டி, நீலம், சிவப்பு ஹோஸ் நுனிகள் அடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இரண்டு வால்வையும் திறங்கள். 25 டிகிரி செல்சியஸில் 82 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு), 30 டிகிரியில் 97, 35 டிகிரியில் 114, 40 டிகிரியில் 133 காட்ட வேண்டும். இது ஆர்134ஏவின் இயல்பு. கேனில் நிறைய இருந்தாலும் ஒரு சொட்டுத் திரவம் மட்டும் மிஞ்சியிருந்தாலும் இதே எண்தான். நீல கேஜும் சிவப்பு கேஜும் ஒன்றுக்கொன்று 5 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் காட்டினால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். அதை வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு கணிப்பும் தப்பாகப் போகும்.

கிட்டின் பலவீனமான உறுப்பு கப்ளர். லோ சைடு போர்ட் 13 மி.மீ., ஹை சைடு போர்ட் 16 மி.மீ. என்பதால் மாற்றி மாட்ட வழியில்லை. அந்தப் பாதுகாப்பு நல்லது. ஆனால் மலிவு கப்ளருக்குள் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் சீக்கிரம் கிழியும். குமிழை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி, ஊசியை உள்ளே இழுத்துவிட்டு, காலரைப் பின்தள்ளி "கிளிக்" என்று உட்கார வைத்த பிறகே குமிழை வலப்பக்கம் திருப்ப வேண்டும். ஊசி வெளியே நீட்டியிருக்க அழுத்தி மாட்டினால் போர்ட்டுக்குள் இருக்கும் "பின்" (ஊசி) வால்வு கோணும். அப்புறம் லீக் இல்லாத காரில் நாமே லீக்கை உண்டாக்கியதாகிவிடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஆர்134ஏ திரவம் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

காரில் மாட்டியதும் எஞ்சின் ஓடாத நிலையில் இரண்டு கேஜும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற கார் என்றால் அந்த எண் மேலே சொன்ன வெப்பநிலைக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். குறைவாக இருந்தால் உள்ளே திரவமே மிஞ்சவில்லை, கேஸ் பெருமளவு போய்விட்டது என்று அர்த்தம். அதிகமாக இருந்தால், உதாரணமாக 30 டிகிரியில் 115 காட்டினால், உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. முழுதாக வெளியே எடுத்து, வேக்குவம் போட்டு, புதிதாக நிரப்புவதுதான் வழி. சரியான எண் வந்தால் "கேஸ் ஃபுல்" என்று முடிவுகட்ட வேண்டாம். 200 கிராம் இருந்தாலும் 450 கிராம் இருந்தாலும் நிற்கிற காரில் அதே அழுத்தம்தான்.

ஓடும் நிலைதான் கேஜ் செட் தன் மதிப்பைக் காட்டும் இடம். கதவுகள் திறந்திருக்கட்டும், புளோயர் முழு வேகம், ஏசி அதிகபட்சக் குளிர்ச்சி, எஞ்சின் 1,500 ஆர்பிஎம்மில் 5 நிமிடம். வெளியே 35 டிகிரி வெயிலில் ஆரோக்கியமான சிஸ்டம் லோ சைடில் 30 முதல் 45 பிஎஸ்ஐ, ஹை சைடில் 200 முதல் 250 பிஎஸ்ஐ வரை காட்டும். நடு வென்டில் செருகிய தெர்மாமீட்டர், கதவை மூடிய சில நிமிடங்களில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். ஒற்றை முள்ளைப் பார்த்து எதையும் சொல்லக்கூடாது. டாப்-அப் கேன்களோடு இலவசமாக வரும் லோ சைடு மட்டும் காட்டும் சின்ன கேஜ் உதவாததற்குக் காரணமும் இதுதான்.

இரண்டும் தாழ்ந்திருந்தால், லோ 15, ஹை 120 என்பது போல, கேஸ் குறைவு. அதாவது எங்கோ லீக். லோ உயர்ந்து ஹை தாழ்ந்து, இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கி நின்றால் கம்ப்ரசர் அழுத்தவில்லை. உள்ளே வால்வு தட்டு போயிருக்கலாம். கிளட்ச் இல்லாத ரகத்தில் கன்ட்ரோல் வால்வு மட்டும் சிக்கியிருக்கலாம். கம்ப்ரசரையே மாற்றச் சொல்வதற்கு முன் அந்த வால்வை மட்டும் மாற்றிப் பார்க்க இடமிருக்கிறதா என்று கேளுங்கள்; செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் அது.

இரண்டும் உயர்ந்திருந்தால், ஹை 300ஐத் தாண்டினால், முதல் சந்தேகம் கண்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி) மேல் போகும் காற்று. ஒரு பாட்டில் தண்ணீரைக் கண்டென்சர் மேல் தெளியுங்கள். சிவப்பு முள் அந்த நிமிடமே சரிந்து, உள்ளே குளிர் தட்டினால் கோளாறு கேஸில் இல்லை: ஃபேன் மோட்டார் பலவீனம், ஃபேன் ரிலே, அல்லது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே அப்பிக்கிடக்கும் மண். ஹைவேயில் நன்றாக இருந்து சிக்னலில் நின்றால் மட்டும் அனலடிக்கும் கார் பெரும்பாலும் இந்தச் சோதனையில் பிடிபடும். தண்ணீர் தெளித்தும் அழுத்தம் பெரிதாக அசையவில்லை என்றால் கேஸ் அதிகமாக அடைக்கப்பட்டிருக்கிறது, அல்லது காற்று கலந்திருக்கிறது.

கண் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு காட்சி உண்டு. ஏசி போட்டதும் எல்லாம் சரியாக இருக்கும். பத்து, பதினைந்து நிமிடத்தில் நீல முள் மெல்ல மெல்ல இறங்கி, பூஜ்யத்தைத் தொட்டு, அதற்கும் கீழே வேக்குவம் பக்கம் போகும். வென்டில் அனல் வரும். ஏசியைப் பத்து நிமிடம் அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி குளிரும். சிஸ்டத்துக்குள் இருக்கும் ஈரம், கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் ஐஸாக உறைந்து அடைக்கிறது, அணைத்தால் உருகிவிடுகிறது. கேஸ் எவ்வளவு அடித்தாலும் இது தீராது. ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, நன்றாக வேக்குவம் இழுப்பதுதான் மருந்து. அணைத்துப் போட்டாலும் மாறாமல் முள் வேக்குவத்திலேயே நின்றால் வால்வு நிரந்தரமாகச் சிக்கிவிட்டது, அல்லது குப்பை அடைத்திருக்கிறது.

குப்பை என்றால் எந்தக் குப்பை என்று பார்ப்பது முக்கியம். கேஸை முறையாக வெளியே எடுத்த பிறகு கம்ப்ரசருக்குப் போகும் பைப்பைக் கழற்றி, வெள்ளைத் துணியால் உள்ளே ஒரு துடை துடையுங்கள். தெளிவான எண்ணெய் என்றால் நிம்மதி. சாம்பல் நிறத்தில் மினுமினுப்போடு வந்தால் கம்ப்ரசர் உள்ளே அரைந்து துகள் விட்டிருக்கிறது. இந்தக் காலத்து பேரலல் ஃபுளோ கண்டென்சர்களின் ஊசித் துளைகளுக்குள் சிக்கிய துகள் ஃபிளஷ் செய்தால் முழுசாக வெளியே வராது. கண்டென்சரையும் டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்து மாற்றாமல் புதுக் கம்ப்ரசர் மட்டும் போட்டால் அதுவும் சீக்கிரமே அதே வழியில் போகும்.

இனி பம்ப். கிட்டில் வரும் சிங்கிள் ஸ்டேஜ் பம்ப் கார் ஏசிக்குப் போதும். ஏனென்றால் சிஸ்டத்தின் கொள்ளளவு சிறியது. ஆனால் அதோடு வரும் எண்ணெயை அளவுக்கோடு வரை ஊற்றாமல் ஓட்டக்கூடாது, பால் போல் கலங்கினால் உடனே மாற்ற வேண்டும். கேஸ் அழுத்தம் இருக்கும் சிஸ்டத்தோடு பம்பை இணைத்து ஓட்டவே கூடாது. எண்ணெய் முழுவதும் பீச்சிவிடும். வேலை முடிந்ததும் மேனிஃபோல்டு வால்வுகளை மூடிவிட்டுத்தான் பம்பை அணைக்க வேண்டும். வரிசையை மாற்றினால் பம்ப் எண்ணெய் ஹோஸுக்குள் ஏறிவிடும்.

எவ்வளவு நேரம் என்றால், குறைந்தது 30 நிமிடம். சிஸ்டம் நாள்கணக்கில் திறந்து கிடந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். காற்றை வெளியேற்றுவது சில நிமிட வேலைதான். ஈரத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி இழுப்பதற்குத்தான் மீதி நேரம். கடல் மட்டத்தில் நீல முள் வேக்குவம் பக்கம் 29 அங்குலத்தை (பாதரச அளவு) தாண்டி நிற்க வேண்டும். ஊட்டியில் இதே வேலை செய்தால் முள் 23 அங்குலத்தை ஒட்டி நின்றுவிடும். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே அவ்வளவுதான், பம்பைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் கடைசிக் கட்ட ஈரம் போனதா என்பதை இந்த முள் எங்கேயுமே சொல்லாது. அதற்கு மிக நுண்ணிய வேக்குவத்தை அளக்கும் டிஜிட்டல் மைக்ரான் கேஜ் தனியாக வேண்டும். 500 மைக்ரானுக்குக் கீழே போய், பம்பை அடைத்த பிறகும் ஏறாமல் நின்றால் உள்ளே நன்றாகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். காம்போவில் இது இல்லாதது ஒரு குறை.

"வேக்குவம் நிற்குது, லீக் இல்லை" என்பது ஒர்க்‌ஷாப்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். அதை நம்பக்கூடாது. வேக்குவத்தில் வெளியிலிருந்து உள்ளே தள்ளும் அழுத்தம் சுமார் 15 பிஎஸ்ஐ மட்டுமே. ஓடும்போது ஹை சைடில் உள்ளிருந்து வெளியே தள்ளுவது 200க்கு மேல். வேக்குவத்தில் உட்புறம் இழுக்கப்பட்டு அடைத்துக்கொள்ளும் ஓ-ரிங், அழுத்தத்தில் விட்டுவிடும். சரியான சோதனை, ரெகுலேட்டர் மாட்டிய நைட்ரஜன் சிலிண்டரில் 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்பு நுரை பூசுவது. ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் தொடாதீர்கள். எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரும் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே ஊட்டிவிடும்.

கிட்டோடு சேர்த்து வாங்க வேண்டியவற்றில் லீக் டிடெக்டர் ஒன்று. விலை குறைந்த கரோனா ரகங்கள் ஈரத்துக்கும் கிரீஸ் நெடிக்கும் கத்தும். ஹீட்டட் டயோடு அல்லது இன்ஃப்ராரெட் ரகம் நம்பகமானது. கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருப்பதால் அங்கே சோப்பு நுரை எட்டாது. புளோயரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, எல்லாவற்றையும் அணைத்து, 15 நிமிடம் கழித்து தண்ணீர் சொட்டும் டிரெய்ன் பைப் வாயருகே டிடெக்டரைக் காட்டுங்கள். ஆர்134ஏ காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். யூவி டை எனும், புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் சாயமும் உதவும். கண்டென்சர் முகப்பில் கல் பட்ட இடம், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் போன்ற கண்ணில் படும் இடங்களுக்கு அது போதும்.

நிரப்பும் வேலைக்கு வருவோம். எத்தனை கிராம் என்பது பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம் வரை. பின்சீட்டுக்கும் தனி ஏசி உள்ள பெரிய வண்டிகளில் இது கூடும். டிரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் உள்ள சிஸ்டத்தில் கேஸ் கொஞ்சம் குறைந்தாலும் கூடினாலும் அழுத்தம் பெரிதாக மாறுவதில்லை. மிச்சத்தை டிரையர் தனக்குள் வைத்துக்கொள்ளும். அதனால் முள்ளைப் பார்த்துக்கொண்டே "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அடிப்பவர், முள் அசையும்போது ஏற்கனவே அளவைத் தாண்டியிருப்பார். 5 கிராம் துல்லியம் உள்ள எடை மெஷின் மேல் கேனை வைத்துத்தான் நிரப்ப வேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசே போதும்.

வேக்குவம் முடிந்ததும் மஞ்சள் ஹோஸைக் கேனில் மாட்டி, மேனிஃபோல்டு முனையில் ஒரு நொடி தளர்த்தி ஹோஸில் உள்ள காற்றை வெளியே விடுங்கள். தராசைப் பூஜ்யமாக்குங்கள். எஞ்சின் ஓடாத நிலையில் வால்வுகளைத் திறந்தால் வேக்குவமே முதல் பகுதியை இழுத்துக்கொள்ளும். இழுப்பு நின்றதும் சிவப்பு வால்வை மூடி, மூடியிருக்கிறதா என்று மறுபடி தொட்டுப் பார்த்து, எஞ்சினையும் ஏசியையும் போட்டு, நீல வால்வு வழியாக மட்டும் மீதியை விடுங்கள். எஞ்சின் ஓடும்போது சிவப்பு வால்வைத் திறந்தால் 200 பிஎஸ்ஐக்கு மேற்பட்ட அழுத்தம் கேனுக்குள் பாயும், கேன் வெடிக்கும். கேன் நிமிர்ந்தே இருக்கட்டும். தலைகீழாகப் பிடித்தால் திரவம் நேராகக் கம்ப்ரசருக்குள் போய் வால்வுகளை உடைக்கும். கேன் சில்லிட்டு ஓட்டம் குறைந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், நெருப்பு கூடவே கூடாது. ஒன்றரை மீட்டர் மஞ்சள் ஹோஸில் திரவம் நின்றால் 30 கிராமுக்கு மேல் அதிலேயே தங்கிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பாதி கேஸ் இருக்கும் காரில் என்ன செய்வது? இந்த இடத்தில்தான் கிட் கைவிடுகிறது. உள்ளே இருப்பதை எடுத்து எடைபோட ரெகவரி மெஷின் வேண்டும், அது இதில் இல்லை. வாய்க்காலில் விடுவது போல் காற்றில் திறந்துவிடுவது சரியான பதில் ஆகாது: ஆர்134ஏவின் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்ஸைடைப்போல 1,430 மடங்கு, 450 கிராம் என்றால் 640 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். ரெகவரி மெஷின் உள்ள ஒர்க்‌ஷாப்பில் எடுக்கச் சொல்லி, எத்தனை கிராம் வந்தது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். லீக்கின் வேகத்தைக் கணிக்க அந்த எண் பெரிய உதவி.

சில காம்போக்களில் "லீக் ஸ்டாப்" கேன் ஒன்றும் இலவசமாக வரும். அதைக் காரில் ஏற்ற வேண்டாம். ஈரமும் காற்றும் பட்டால் இறுகும் பொருள் அது. லீக்கில் மட்டும் இறுகும் என்று உத்தரவாதம் கிடையாது. எக்ஸ்பான்ஷன் வால்விலும் இறுகும், அடுத்து வேலை செய்கிறவரின் ரெகவரி மெஷினுக்குள்ளும் இறுகும். எண்ணெய் கலந்த கேன்களும் அப்படியே: தேவைக்கு மேல் எண்ணெய் ஏறினால் கூலிங் காயில் உட்புறம் படலமாகப் படிந்து குளிர்ச்சியைத் தின்னும். கண்டென்சர் மாற்றினால் 30 முதல் 40 மில்லி போல, அதுவும் கம்ப்ரசருக்கான சரியான கிரேடில், தனியாக அளந்து ஊற்றுவதே முறை.

கேனின் விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் விட்டுவிடுங்கள். போலி ஆர்134ஏவில் ஆர்40 எனும் மெத்தில் குளோரைடு கலப்பது உலகறிந்த மோசடி. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்சாதனக் கண்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தது இதனால்தான். மேலே சொன்ன வெப்பநிலை–அழுத்தச் சோதனை பல கலப்படங்களைக் காட்டிக்கொடுக்கும், எல்லாவற்றையும் அல்ல. பில் கொடுக்கும் கடையில் வாங்குவதே காப்பு.

எலெக்ட்ரிக் கார், ஸ்ட்ராங் ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் இந்த கிட்டை வாங்கவே வேண்டாம். அவற்றின் கம்ப்ரசர் உயர் வோல்ட்டேஜில் ஓடுவது. சாதாரண கம்ப்ரசர்களில் இருக்கும் பிஏஜி எண்ணெய் மின்சாரம் கடத்தக்கூடியது, ஹோஸில் ஒட்டியிருக்கும் மிச்சமே இன்சுலேஷனைக் கெடுக்கப் போதும். ஆர்1234ஒய்எஃப் என்ற வேறு ரகக் கேஸ் உள்ள கார்களுக்கும் கப்ளர் பொருந்தாது. அடாப்டர் போட்டு ஆர்134ஏ ஏற்றும் குறுக்குவழியும் வேண்டாம்.

மற்றவர்களுக்கு: வாங்கும்போதே கப்ளர் ஓ-ரிங் செட்டும், பின் வால்வு நான்கும், அதைக் கழற்றும் சின்ன சாவியும் சேர்த்து எடுங்கள். கேஜைக் கழற்றியதும் போர்ட்டில் ஒரு சொட்டு சோப்பு நுரை விட்டு, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு, மூடியைக் கையால் இறுக்குங்கள். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் காணாமல் போயிருந்தால் அதையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். பின் வால்வு லேசாகக் கசிந்தாலும் கேஸை நிறுத்திவைப்பது அந்த வளையம்தான்.